கொல்லையில் புகையிலை நட்டால் யாருக்கு மிச்சம்?

2025 நவம்பர் 1 முதல் சிகரெட்டின் கலால் வரி ஒன்றுக்கு 2 காசு ஏறியது. 2015 நவம்பரிலிருந்து 40 காசாக நின்றிருந்த வரி 42 காசு ஆனது. 20 சிகரெட் உள்ள ஒரு பாக்கெட்டுக்கு வரி மட்டும் 8 வெள்ளி 40 காசு. பேர் பெற்ற வகை ஒரு பாக்கெட் 17 வெள்ளிக்கு மேல் விற்கிறது.

நம் தோட்டத்துக் கணக்கில் இதைப் பார்ப்போம். 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவர் மாதம் 510 வெள்ளியைப் புகையாக்குகிறார். பத்து நாள் சம்பளத்தில் மூன்று நாள் சம்பளம் போய்விடுகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, மளிகைக் கடன், சீட்டுப் பணம் எல்லாம் மிச்சத்திலிருந்துதான் வரவேண்டும்.

இந்த நிலையில், சம்பளம் போடும் நாளில் ஒட்டுக்கடை வாசலில் ஒரு பேச்சு அடிபடுகிறது. “கடையிலே வாங்கினா 17 வெள்ளி. கொல்லையிலே நாலு செடி நட்டுட்டா சும்மாதானே கிடைக்கும்? கத்தரி வைக்கிற கைக்குப் புகையிலை வைக்கத் தெரியாதா?” என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பழகிய கைக்கு ஒரு செடி வளர்ப்பது பெரிய காரியமா? ஆனால் செடி வளருமா என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. வளர்த்தால் மிஞ்சுவது எது, அதற்கு விலை கொடுப்பது யார் என்றும் பார்க்க வேண்டும்.

செடியின் கதை

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம். கத்தரி, மிளகாய், தக்காளி, தூதுவளை எல்லாம் புகையிலைக்கு ஒரே குடும்பத்துச் சொந்தக்காரர்கள். விதை கசகசாவைவிடச் சிறியது. ஒரு கிராம் எடையில் 10,000 விதைக்கு மேல் இருக்கும். அதை மண்ணில் புதைக்கக் கூடாது. மேலாகத் தூவி, பூவாளியால் மெதுவாக நீர் தெளிக்க வேண்டும். பெரிய மழை ஒன்று அடித்தால் விதை முழுவதும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே நாற்றங்காலுக்குக் கூரை வேண்டும்.

நாற்று நடுகிற அளவுக்கு வளர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பிறகு வரிசைக்கு வரிசை 1 மீட்டரும், செடிக்குச் செடி அரை மீட்டரும் விட்டு நட வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இரண்டு மாதத்தில் செடி ஆள் உயரத்துக்கு வந்து பூ எடுக்கும். பூவை விட்டுவைத்தால் சத்து விதைக்குப் போய் இலை மெலியும். அதனால் தலையைக் கிள்ள வேண்டும். தலையைக் கிள்ளியதும் ஒவ்வொரு இலைக்கணுவிலும் பக்கக் கிளை வெடிக்கும். அதையும் வாரா வாரம் கிள்ளி எறிய வேண்டும். புழு, அசுவினி இரண்டும் இந்த இலையைத் தேடி வரும்.

அறுவடை ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. இலை அடியிலிருந்து மேலே பழுக்கும். பச்சை மாறி மஞ்சள் தட்டிய இலைகளை இரண்டு மூன்றாக, வாரம் ஒரு முறை ஒடிக்க வேண்டும். இப்படி ஐந்தாறு வாரம் போகும்.

இலையை ஒடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புகையிலையைப் புகையிலையாக்குவது பதம் போடுவதுதான். பச்சை இலையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர். அதைச் சட்டென்று வெயிலில் காயவைத்தால் பச்சையாகவே காய்ந்து, ஊதினால் தொண்டையை அறுக்கும். மெதுவாக மஞ்சளாகி, பிறகு காய வேண்டும். சிகரெட் இலைக்குச் சூளை கட்டி, ஏறக்குறைய 35 பாகை வெப்பத்தில் தொடங்கி 70 பாகை வரைக்கும் படிப்படியாக ஏற்றி, ஐந்து முதல் ஏழு நாள் இரவு பகலாகக் காவல் காக்கிறார்கள். சூளை இல்லாமல் நிழலில் கட்டித் தொங்கவிட்டால் நாலு முதல் எட்டு வாரம் பிடிக்கும். நம் நாட்டுக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடுவது சுலபம். காய்ந்த பிறகும் பல மாதம் கட்டிப் போட்டுவைத்தால்தான் காரம் அடங்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு சிகரெட்டில் இருக்கும் தூள் ஏறக்குறைய 0.7 கிராம். ஒரு பாக்கெட்டுக்கு 14 கிராம். நாளைக்கு ஒரு பாக்கெட் என்றால் ஆண்டுக்கு 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு நல்ல செடி 100 கிராம் காய்ந்த இலை கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் 50 செடி வேண்டும். அதற்கு 25 சதுர மீட்டர் இடம் வேண்டும். சுமார் 40 முதல் 50 கிலோ பச்சை இலையைச் சுமந்து, கோத்து, தொங்கவிட்டு, காய்ந்ததும் நரம்பு நீக்கி நறுக்க வேண்டும். இதெல்லாம் புழுவும் பூஞ்சணமும் ஒன்றையும் தொடாமல் விட்டால்!

சரி, அவ்வளவு பாடும் பட்டு மிஞ்சுவது என்ன? ஒரு கிலோ காய்ந்த இலை 20 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் ஒரு பாக்கெட்டில் இருக்கும் 14 கிராம் இலையின் விலை 28 காசு. 17 வெள்ளிப் பாக்கெட்டில் இலையின் பங்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அரசாங்க வரி, நிறுவனத்தின் இலாபம், தாள், பஞ்சு, பெட்டி, லோரிக் கூலி, கடைக்காரர் பங்கு. கொல்லையில் நடுகிறவர் உண்டாக்குவது அந்த 28 காசுச் சரக்கைத்தான். அவர் கையில் மிஞ்சுவதாகத் தோன்றும் பெரிய தொகை, கட்டாமல் விட்ட வரி.

இதை அரசாங்கங்கள் நன்றாகவே அறியும். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். சிகரெட் வரி மிக உயர்ந்த நாடுகளில் அது ஒன்று. அங்கே உரிமம் இல்லாமல் ஒரு புகையிலைச் செடி நடுவதும் குற்றம். 2006ஆம் ஆண்டிலிருந்து உரிமம் பெற்ற விவசாயி ஒருவர்கூட இல்லை. பக்கத்து நியூசிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வரை அனுமதி உண்டு. அதில் ஒரு பிடி விற்றாலும் தவறு. இரண்டு நாட்டிலும் அதிகாரிகள் காவல் காப்பது வரிப்பணத்தைத்தான்.

நம் நாட்டிலும் கலால் வரி விதிக்கிற பொருளை உரிமம் இல்லாமல் தயாரிப்பது 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி குற்றம். “நான் எனக்காகத்தானே செஞ்சேன்” என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார் என்று ஒரு பொட்டலம் கொடுத்து, அவர் 2 வெள்ளி நீட்ட அதை வாங்கிக்கொண்டால் விஷயம் வேறாகிவிடும். ஆசை இருக்கிறவர் விதை தேடுவதற்கு முன்னால் சுங்கத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது புத்திசாலித்தனம். வீடும் கொல்லையும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமாக இருக்கிற இடங்களில் இன்னும் ஒரு மடங்கு கவனம் வேண்டும். வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கும்போது, வழக்கு ஒன்று வந்தால் இரண்டும் ஒன்றாக ஆடும்.

கிளந்தான் சொல்லும் பாடம்

“ஏன், கிளந்தான்காரன் நடலையா?” என்று சிலர் கேட்கலாம். நட்டார்கள். சிகரெட்டுக்கான சூளைப் புகையிலை கிளந்தானில் 1959இல் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நட்டு, வறண்ட மாதங்களில் இலை ஒடித்தார்கள். கடலோர மணல் நிலத்தில், வேறு பயிர் சரியாக வராத இடத்தில், ஏழைக் கம்பத்து மக்களுக்கு அது கைப்பணம் காட்டியது. 1973இல் தேசியப் புகையிலை வாரியம் அமைந்தது. தரம் பிரித்து இலைக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். சூளைகளுக்கு விறகாகப் போனது பெரும்பாலும் நம் பால்மரம். மறுநடவுக்காகச் சாய்த்த கட்டைகள் அங்கே எரிந்துதான் இலை பொன்னிறம் கண்டது. பால்மரத்தையும் புகையிலையையும் இந்த நாட்டில் ஓர் அடுப்பு இணைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

ஆனால் நட்டவன் பச்சை இலையைச் சூளைக்காரருக்கு விற்றான். சூளைக்காரர் காய்ந்த இலையைச் சிகரெட் நிறுவனத்துக்கு விற்றார். விலையைத் தீர்மானிக்கிற இடத்தில் நட்டவன் இல்லை. ஆசியான் தடையற்ற வாணிப ஏற்பாட்டின்கீழ் 2010இல் புகையிலை இறக்குமதி வரி இறங்கியதும், வெளிநாட்டு இலை மலிவாக வர வழி திறந்தது. விவசாயிகளைக் கெனாப் பயிருக்கு மாற்றும் திட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வாரியத்தின் பெயரும் 2010இல் தேசியக் கெனாப், புகையிலை வாரியம் என்று மாறியது. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த பெரிய சிகரெட் ஆலையை மூடப்போவதாக 2016இல் அறிவிப்பு வந்தது. சிகரெட் விற்பனை நின்றதா? இல்லை. வெளியிலிருந்து வந்து இறங்குகிறது. அரை நூற்றாண்டு இலை வளர்த்தவன் கையில் சூளைச் சாம்பல்தான் மிஞ்சியது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் முன்னோர் சொன்னது நெல்லுக்கு மட்டும் இல்லை. வாரியமும், நிலமும், சூளையும், வாங்குகிற நிறுவனமும் பக்கத்தில் இருந்த கிளந்தான் விவசாயிக்கே இந்தக் கதி. இதில் ஒன்றும் இல்லாமல் லயத்துக் கொல்லையில் நடுகிறவருக்கு என்ன மிஞ்சும்?

விஷம் யார் மேல் படும்?

இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. புகையிலைச் செடியின் விஷம் புகையில் மட்டும் இருப்பதில்லை. பச்சை இலை பனியிலோ மழையிலோ நனைந்திருக்கும்போது அதிலுள்ள நிக்கோட்டின் தண்ணீரில் கரைந்து தோல் வழியாக உடம்புக்குள் போகும். இலை ஒடிக்கிறவருக்குத் தலைசுற்றல், குமட்டல், வாந்தி, தலைவலி, கைகால் தளர்ச்சி வரும். பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயர். வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாதவருக்கும் வரும். உடம்பு பழகாததால் அவரைத்தான் கடுமையாகத் தாக்கும்.

இது எங்கோ நடக்கிற சங்கதி இல்லை. நம்மோடு குலை அறுக்கும் இந்தோனேசியத் தோழர்களில் லொம்போக் தீவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர்! அங்கே புகையிலை பெரிய பயிர். அந்த வயல்களில் வேலை செய்யும் சிறுபிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வாந்தியும் தலைசுற்றலும் வந்ததாகப் பிள்ளைகளே அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊர்த் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். நாம் படித்துத் தெரிந்துகொள்வதை அவர்கள் பார்த்தே தெரிந்திருப்பார்கள்.

இப்போது நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் வெட்டுக்குப் போகிறவர் பனி இலையை ஒடிக்க நேரம் ஏது? தண்ணீர் ஊற்றுவது, பக்கக் கிளை கிள்ளுவது, இலை கோப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையிலும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் தலையிலும்தான் விழும். ஊதுவது அப்பா, விஷம் ஏறுவது அம்மாவுக்கும் பிள்ளைக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண் அந்த இலையைத் தொடவே கூடாது.

அதோடு இன்னொன்று. 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்த 852ஆம் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கடைக்காரர் சிகரெட் விற்கக் கூடாது. கொல்லைப்புறத்துக் கொடியில் தொங்குகிற இலை யாரிடம் வயது கேட்கும்? பையன் ஓர் இலையைக் கிள்ளித் தாளில் சுருட்டிக்கொண்டு போனால் தடுக்கிறவர் யார்?

“நம்ம கையாலே வளர்த்தது, மருந்து கலக்காதது, அதனாலே கெடுதல் குறைவு” என்று சொல்கிறவர்களும் உண்டு. இது தவறான நம்பிக்கை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இலை பதமாகும்போதும், கட்டிவைத்திருக்கும்போதும் தாமாகவே அதில் உண்டாகின்றன. எரிக்கும்போது தாரும் கரியமில விஷவாயுவும் சேருகின்றன. கம்பெனி இலைக்கும் கொல்லை இலைக்கும் நெருப்பு ஒன்றுதான்.

ஊதுகிறவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டால் நம் தாய்மார்களை விட்டுவிட்டதாகும். வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போவது நம் தோட்டங்களில் பாட்டி காலத்துப் பழக்கம். இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம். அதிலும் நம் பெண்களிடையே அதிகம். மருத்துவர்கள் அதற்குச் சொல்லும் முக்கியக் காரணம் இந்த மெல்லும் பழக்கம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. கொல்லையில் இலை காய்ந்தால் அது ஆண்களின் சுருட்டுக்கு மட்டுமா போகும்? ஆறாத வாய்ப்புண், வெள்ளைப் படலம், வாய் திறக்க முடியாத இறுக்கம் இருக்கிறவர்கள் உடனே மருத்துவமனைக்குப் போய் வாயைக் காட்ட வேண்டும்.

மிளகாய்ச் செடிக்கும் ஆபத்து

கொல்லை என்ற முறையிலும் இது நட்டமான காரியம். கத்தரி, மிளகாய், தக்காளியைப் பொசுக்கென்று வாடவைக்கும் பாக்டீரியா வாடல் நோய் புகையிலைக்கும் வரும். அந்தக் கிருமி மண்ணில் தங்கிவிடும். இலையில் தேமல் போடும் நச்சுயிரி நோய்க்குப் பெயரே புகையிலைத் தேமல் நோய்தான். புகையிலையைத் தொட்ட கையோடு மிளகாயைத் தொட்டால் அந்த நோய் ஒட்டிக்கொள்ளும். கடைச் சிகரெட்டைப் பிடித்த கையும் அதைப் பரப்பக்கூடும். ஆகவே ஊதுகிறவர்கள் காய்கறிச் செடியைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது நல்லது. அசுவினிக்குப் புகையிலைத் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் தண்ணீர் பூச்சியை மட்டும் கொல்லும் மருந்தாகாது. தெளிக்கிறவர் தோலிலும் ஏறும், தேமல் நோயையும் கொண்டுவரும்.

அந்த 25 சதுர மீட்டரில் கங்கோங் போட்டால் ஒரு மாதத்தில் சட்டிக்கு வரும். பயற்றங்காய் இரண்டு மாதத்தில் காய்க்கும். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது நம் பெரியவர்களின் உயிரைப் பிடித்து வைத்தது மண்ணில் ஊன்றிய மரவள்ளிக் குச்சி. கொல்லை என்பது சம்பளத்தில் விழும் ஓட்டையை அடைக்கிற இடம். அதில் இன்னோர் ஓட்டையை நடலாமா?

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு

இவ்வளவும் சொன்னதால் பழியெல்லாம் தொழிலாளி மேல் என்று அர்த்தமில்லை. வரி ஏறினால் ஊதுவது குறையும் என்பது கொள்கை. வசதி உள்ளவன் விலையைக் கொடுத்து ஊதுகிறான். இல்லாதவன் வரி கட்டாத கடத்தல் சிகரெட்டைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்குகிறான். இந்நாட்டில் ஊதப்படும் சிகரெட்டில் பாதிக்கு மேல் கள்ளச் சரக்கு என்று சிகரெட் நிறுவனங்கள் பணம் கொடுத்து எடுத்த ஆய்வுகளே சொல்லி வந்திருக்கின்றன. அந்தக் கணக்கில் அவர்களுக்கு ஆதாயம் இருப்பதால் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், தோட்டத்து ஒட்டுக்கடைப் பக்கம் நடமாடுகிறவருக்கு உண்மை தெரியும். வாசலில் வரியை ஏற்றிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் ஏழை எந்தப் பக்கம் போவான்? கடத்தலை அடக்குவது அரசாங்கத்தின் கடமை.

பழக்கத்தை விட உதவுவதும் கடமைதான். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகை நிறுத்தும் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன. ஆனால் காலை 6 மணிக்கு வேலைக்குப் போய், பஸ் வசதி இல்லாத தோட்டத்தில் இருக்கிறவர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அங்கே போவாரா? அந்தச் சேவை தோட்டத்துக்கு வர வேண்டும். மாதம் ஒரு நாள், வேலை முடிந்த நேரத்தில், தோட்ட மண்டபத்தில் நடக்க வேண்டும். பெண்களுக்கு வாய்ப் பரிசோதனையும் அதோடு சேர வேண்டும். சங்கக் கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி நிர்வாகத்துக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்பலாம். ஒரு தாளும் ஒரு தபால்தலையும்தான் செலவு.

வெட்டுக்கத்தியும் அரிவாளும் பிடித்துச் சம்பாதித்த 510 வெள்ளி மாதா மாதம் வீட்டில் தங்குவதற்குப் புகையிலை நடுவது வழியாகாது. விதை வாங்க நினைக்கிற தோழர் இந்தக் கணக்கை ஒரு தடவை வீட்டில் உட்கார்ந்து மனைவி மக்களோடு போட்டுப் பார்க்கட்டும். கொல்லையில் என்ன வைப்பது என்று தண்ணீர் ஊற்றப்போகிறவர்களைக் கேட்டு முடிவு செய்யட்டும்.